பதினொன்றாம் எலி

எலியை அறுத்தால் எதை எடுப்பது, எதை எறிவது என்பதில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டாவது பேச்சே கிடையாது. தைமஸை எடுப்போம், மண்ணீரலை எடுப்போம், மீதியை மஞ்சள் பையில் கட்டிப் பின்பக்கக் குழிக்கு அனுப்பிவிடுவோம். 2006இல் சிதம்பரத்துக்கு ஆராய்ச்சி மாணவியாக வந்து சேர்ந்த முதல் நாளே அந்தப் பையைப் பிரித்துப் பார்த்தவர் அக்கா ஒருவர்தான்.

"கொடலு யாருக்கும் வேணாமா?" என்று கேட்டார்.

"வேணாம்க்கா. அத வச்சி என்னா பண்றது?"

"அப்ப நான் எடுத்துக்கறேன்."

நான் சிரித்துவிட்டேன். அவருக்கு இரண்டு வருஷம் முன்பே சேர்ந்தவன் என்ற மிதப்பு எனக்கு. வயதில் அவர் என்னைவிட ஐந்து வருஷம் மூத்தவர். கடலூர் முதுநகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. முடித்தவர். அப்பாவுக்கு அதே ஊரில் ஆட்டுக்கறிக் கடை. இந்த விஷயத்தை அவராகவே முதல் வாரத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டதால், ஒளிந்து பேசிச் சிரிக்கும் வசதி எங்களுக்கு இல்லாமல் போயிற்று. நேரிலேயே 'குடல் அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தோம். அவரும் "என்னாடா?" என்று திரும்பிப் பார்ப்பார்.

எதையும் எறியமாட்டார். அதுதான் அவர். தீர்ந்த பேனா, மூடி காணாமல் போன டப்பா, பஸ் டிக்கெட், பழைய எக்ஸ்ரே ஃபிலிம், பிரித்த பார்சல் நூல், எல்லாம் அவருடைய அலமாரியில் இருக்கும். இருப்பது மட்டுமல்ல, கேட்டால் அரை நிமிஷத்தில் எடுத்தும் தருவார். "தூக்கிப் போட ஒரு நிமிஷம் போதும்டா. திரும்பத் தேடுனா ஆயுசு பத்தாது" என்பார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டி அதே வாக்கியத்தை அவர் குரலிலேயே சொல்லிப் பார்ப்போம்.

எங்கள் பேராசிரியர் இருபத்தைந்து வருஷமாகத் தைமஸைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்காதவர். நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் சின்ன உறுப்பு அது. நம் உடம்பைக் காக்கும் டி-செல்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து, தைமஸுக்குப் போய்ப் பாடம் படிக்கின்றன. எது நம் உடம்பு, எது அந்நியம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவை மட்டும் அங்கிருந்து வெளியே வரும். தெரியாதவை அங்கேயே செத்துப்போகும். பாடப் புத்தகத்தில் அவ்வளவுதான் இருக்கும், எங்களுக்கும் அதுவே போதுமானதாக இருந்தது.

அக்காவுக்குப் போதவில்லை. ஒரு நாள் டீ குடிக்கும்போது பேராசிரியரிடமே கேட்டார். "சார், வயசானா தைமஸ் சுருங்கிக் கொழுப்பாயிடுதுன்னு சொல்றீங்க. எங்கப்பாவுக்கு அறுவது ஆச்சு. கண்ட கடையில கண்டதையும் சாப்பிடறாரு. ஒண்ணும் ஆவல. அவுரு கொடல்ல யாரு சார் காவல்?"

"சின்ன வயசுல வெளிய வந்த செல்லு ஆயுசு முழுக்க இருக்கும்மா" என்றார் அவர்.

"இருக்கும் சார். ஆனா தைமஸே இல்லாம, அந்தக் கொடல்லயே புதுசா சிலது வளருதுன்னும் எழுதியிருக்காங்க. இல்லன்னும் சண்ட போடறாங்க. பாத்துடலாமே?"

பேராசிரியர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. "பாரு. கெடைச்சா எழுது. கெடைக்கலன்னா என் டாபிக்குக்கு வந்துடு" என்றார்.

குடலின் உள் சுவரில், செல்களுக்கு நடுவே இந்த டி-செல்கள் ஒண்டிக்கொண்டிருக்கும். உத்தரவுக்குக் காத்திருக்காமல், கிருமி புகுந்த செல்லையும் கெட்டுப்போன செல்லையும் இருந்த இடத்திலேயே தீர்த்துவிடும் என்று சொல்வார்கள். ஆனால் அவற்றை உயிரோடு பிரித்தெடுப்பது பெரிய பாடு. நாங்கள் இரண்டு பேர் அவருக்கு உதவுகிறோம் என்று குடலை நீளவாக்கில் கீறி, பிளேடால் வழித்தெடுத்துக் கொடுத்தோம். செத்த செல்லில் நீலச் சாயம் ஏறும், உயிருள்ள செல்லில் ஏறாது. நாங்கள் கொடுத்ததை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஒரே நீலம்.

"ஏன்டா இப்படிக் கொத்துக்கறி போட்டு வச்சிருக்கீங்க?" என்றார்.

மறுநாள் ஒரு மெல்லிய கம்பியோடு வந்தார். எலியின் குடலைக் கழுவி, அதன் ஒரு நுனியைக் கம்பியின் முனையில் நூலால் கட்டி, சட்டைக் கையைத் திருப்புவது போல மெதுவாக உருட்டிக்கொண்டே வந்தார். உள்பக்கம் முழுசாக வெளியே வந்துவிட்டது, ஒரு கிழிசல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் அவர் அம்மா ஆட்டுக் குடலை ஈர்க்குச்சியில் திருப்பிக் கழுவுவதைப் பத்து வயதிலிருந்து கூட உட்கார்ந்து செய்தவராம். திருப்பிய குடலை வெதுவெதுப்பான கரைசலில் ஆட்டினார், செல்கள் தாமாக உதிர்ந்தன. மைக்ரோஸ்கோப்பில் நீலமே இல்லை. நிலா வெளிச்சத்தில் பரப்பிய ஜவ்வரிசி மாதிரி அத்தனையும் உயிரோடு இருந்தன. பேராசிரியர் ஒருமுறை பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொருமுறை பார்த்தார். அன்றைக்கு எனக்குப் பொறாமை வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. இருபத்து நான்கு எலிகள். ஒவ்வொன்றின் தைமஸையும் அறுவை செய்து எடுத்துவிட வேண்டும். பிறகு கதிர்வீச்சில் பழைய டி-செல்களை அழிக்க வேண்டும். டி-செல் நீக்கிய புது மஜ்ஜையை ஏற்றிச் சில மாதம் காத்திருக்க வேண்டும். அப்புறமும் குடலில் டி-செல் இருந்தால் அது தைமஸைப் பார்க்காமல் வளர்ந்ததுதான் என்று அர்த்தம்.

கதிர்வீச்சுக்குப் புதுச்சேரிக்குப் போக வேண்டும். ரயில் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று பெயர்த்துப் போட்டிருந்த காலம் அது. கூண்டுகளைத் துண்டால் மூடிக்கொண்டு பஸ்ஸில்தான் போனோம். ஆலப்பாக்கம் தாண்டியதும் கண்டக்டர் துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டார்.

"என்னாம்மா இது, எலியா? எறங்கு மொதல்ல!"

"அண்ணே, இது சாக்கடை எலி இல்ல. உங்கள விட சுத்தமா குளிச்சிட்டு வந்திருக்கு" என்றார் அக்கா. பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அந்த டிக்கெட்டையும் நோட்டில் ஒட்டி வைத்தார்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு எலிக்கும் ஒரு பக்கம். தேதி, வேலை, கடைசியில் 'யார் கை' என்று ஒரு பத்தி. தீனி போட்டது யார் கை, ஊசி போட்டது யார் கை, எல்லாம் பென்சிலில் இருக்கும். பேனா மை சாராயத்திலும், உறுப்புகளைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினிலும் கரைந்துவிடும், பென்சில் கரையாது.

எலிகளைக் கடைசியில் அறுத்தபோது குடலை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றின் நெஞ்சுக்கூட்டையும் அப்படியே வெட்டி, ஊறுகாய் பாட்டிலில் ஃபார்மலின் ஊற்றிப் போட்டு வைத்தார். விலா எலும்பில் ஒரு கலர் நூல், நூலில் பென்சிலால் எண் எழுதிய சீட்டு. விருந்துக்கு நாலைந்து பேர் ஒரே நாளில் ஆட்டைக் கொண்டுவந்து விட்டால், யாருடைய தலை, யாருடைய கால் என்று மாறிப்போகாமல் இருக்க அவர் அப்பா கலர் துணி கட்டுவாராம்.

"பாட்டில் மேலதான் நம்பர் இருக்கே, உள்ள எதுக்கு வேற?" என்று கேட்டேன்.

"பாட்டில் ஒடஞ்சா?"

"அதெல்லாம் எதுக்குக்கா ஒடையப் போவுது?"

உடைத்தது நான்தான்.

2009இல் துறையைப் பார்வையிட ஒரு குழு வருவதாக இருந்தது. பேராசிரியர் அலமாரிகளை ஒழுங்குபடுத்தச் சொன்னார். ஒழுங்குபடுத்தத்தான் சொன்னார், எறியச் சொல்லவில்லை. அக்கா அன்று மாதா கோயில் கொடியேற்றத்துக்கென்று லீவு. எனக்கு வைக்க இடமில்லாமல் என் பெட்டிகள் நடைபாதையில் கிடந்தன, அவருடைய ஊறுகாய் பாட்டில்கள் இரண்டு தட்டை அடைத்துக்கொண்டு நின்றன. இருபத்து நான்கையும் சாக்கில் போட்டுக்கொண்டு போய்க் குழியில் வைத்தேன். வைத்தேன் என்று சொல்வது கௌரவத்துக்காக. கடைசியில் கை வலித்துச் சாக்கை விட்டேன், உள்ளே ஒன்று 'சடக்' என்றது.

மறுநாள் பாட்டில்கள் காணாமல் போன தட்டைப் பார்த்தார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எறியப்பட்டது எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்குவதை நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் இருபத்து மூன்று பாட்டில்களும், கைக்குட்டையில் சுற்றிய ஒரு நெஞ்சுக்கூடுமாக மேலே வந்தார். சிவப்பு நூல், சீட்டில் பதினொன்று. மண் அப்பியிருந்தது. குழாயடியில் உட்கார்ந்து, குழந்தைக்கு முகம் கழுவுவது போல அதைக் கழுவினார்.

பேராசிரியர் அட்டெண்டரைப் பிடித்துச் சத்தம் போட்டார். "அவுரு இல்ல சார்" என்றார் அக்கா. "வேற யாரு?" என்றதற்குப் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவ்வளவுதான் என் வீரம்.

2011இல் ஆய்வேட்டைக் கொடுத்தார். பதிவுக்காலம் முடிந்து, கடைசி நீட்டிப்பில் கொடுத்தது. டிசம்பரில் சென்னையிலிருந்து வெளித்தேர்வாளரின் கடிதம் வந்தது. எல்லாம் சரி, ஒரே ஒரு கேள்வி: தைமஸ் துளிகூட மிச்சமில்லாமல் எடுக்கப்பட்டது என்பதற்கு என்ன ஆதாரம்? ஒரு துணுக்கு மிச்சமிருந்தாலும் குடலில் கண்ட செல்கள் அதிலிருந்து வந்திருக்கலாம். வாய்மொழித் தேர்வில் ஆதாரம் காட்டாவிட்டால் ஏட்டை ஏற்க முடியாது. ஆறு வருஷம் அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஃப்ரீசர்ல சாம்பிள் இருக்கே, அதுல டெஸ்ட் பண்ணிக் காட்டிடலாம்" என்று பேராசிரியர் தைரியம் சொன்னார். அந்த மாசக் கடைசியில்தான் 'தானே' புயல் வந்தது. காடாம்புலியூர் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு படுத்துவிட்டன. கடலூரில் அக்கா வீட்டு ஓடு பாதி பறந்துவிட்டது. சிதம்பரத்திலும் கரண்ட் போய், ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்காமல், ஃப்ரீசரில் இருந்ததெல்லாம் உருகிக் கூழாகிவிட்டது. பட்டம் வாங்கிய பிறகும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்த என் மாதிரிகளும்தான். நான் ஃப்ரீசர் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பஸ் விட்ட முதல் நாளே வந்துவிட்டார். ஃப்ரீசரைத் திறந்து பார்த்தார், மூடினார்.

"சரி, இது போச்சு. பாட்டில்ல இருக்கறதுக்குக் கரண்டு வேணாம் இல்ல? வா, அறுக்கலாம்."

ஒரு மாதம் அறுத்தோம். நெஞ்சுக்கூட்டை எலும்பு இளகும்வரை அமிலத்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் போட்டு ஸ்லைடில் ஒட்ட வேண்டும். ஒன்றுவிடாமல், இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை. சீவும் மெஷினின் கைப்பிடியைச் சுற்றியது நான். ஆறாம் எலியில் தைமஸின் துணுக்கு ஒன்று மிச்சமிருந்தது. "நல்லதாப் போச்சு, இப்பவே தெரிஞ்சுது" என்று சொல்லி ஆறாம் எலியின் கணக்கையெல்லாம் ஏட்டிலிருந்து அடித்தார்.

பதினொன்றைச் சீவும்போது கத்தி 'கிரீச்' என்றது. எங்கேயோ ஒரு மணல் சிக்கியிருந்தது. கத்தியின் விளிம்பில் அது போட்ட கீறல், சீவல் ஒவ்வொன்றிலும் கோடாக விழுந்தது.

"இத விட்டுடலாம்க்கா. இன்னும் இருவத்திரெண்டு இருக்குல்ல" என்றேன். எனக்கு அதை விட வேண்டியிருந்தது.

"விட்டா ஏன் விட்டேன்னு கேப்பாங்க. அதுக்கு என்னா சொல்றது? சுத்து."

சுற்றினேன்.

பிப்ரவரியில் தேர்வு. கருத்தரங்கக் கூடத்தில் மாணவர்கள் நிறைந்திருந்தார்கள், நானும் இருந்தேன். கடைசி வரிசையில் அவர் அப்பாவும் அம்மாவும், காலடியில் பெரிய தூக்குப் பாத்திரம் இரண்டு. தேர்வாளர் ஒல்லியான மனிதர், சிரிப்பதற்குக் கட்டணம் வாங்குபவர் போல இருந்தார்.

"அப்ப குடல்ல இருக்கற டி-செல் எல்லாம் அங்கயே உருவாகுதுன்னு சொல்றீங்களா?"

"எல்லாம் இல்ல சார். தைமஸ்ல இருந்து வரதுதான் ஜாஸ்தி. கொஞ்சம் அங்கயே வளருது. அந்தக் கொஞ்சத்தத்தான் நான் புடிச்சேன்."

"பிடிச்சு?"

"கேன்சர் செல்லோட ஒரே டியூப்ல விட்டேன் சார். கேன்சர் செல்லுல நீலம் ஏறிச்சு. தைமஸ் பக்கமே போவாத செல்லுதான், ஆனா வேலை தெரிஞ்சிருக்கு. உடம்புல அது எவ்ளோ காக்குதுன்னு இன்னும் பாக்கணும். சுவர்ல நின்னு கொல்லத் தெரியும்ங்கற வரைக்கும்தான் என்கிட்ட ஆதாரம்."

"சரி. நான் எழுதின கேள்வி?"

அக்கா குனிந்து ஒரு சூட்கேஸைத் தூக்கி மேஜைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே ஸ்லைடுப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. "இருவத்தி நாலு எலியும் இருக்கு சார். ஆறாவதுல மிச்சம் இருந்துச்சு, அத எடுத்துட்டேன். அதோட ஸ்லைடும் இருக்கு. எது வேணும்னாலும் சொல்லுங்க."

தேர்வாளர் பெட்டிகளின் மேல் விரலை ஓட்டினார். நான் மனசுக்குள் எல்லா எண்ணையும் வேண்டிக்கொண்டேன், ஒன்றைத் தவிர.

"பதினொன்று" என்றார்.

மைக்ரோஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவே இல்லை. ஒரு ஸ்லைடு, இன்னொன்று, இன்னொன்று. "எல்லாத்துலயும் ஒரே இடத்துல கோடு இருக்கே, என்ன இது?"

"மணலு சார். கத்தி கீறிடுச்சு."

"நெஞ்சுக்குள்ள மணல் எப்படி வந்தது?"

"பாட்டில் ஒடஞ்சு குழியில கெடந்துச்சு சார். எடுத்துக் கழுவினேன். நூலும் சீட்டும் ஒடம்புலயே கட்டியிருந்ததால மாறல. நோட்டுல எழுதியிருக்கு." சிவப்பு நூலையும் சீட்டையும் நோட்டின் அந்தப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தார்.

தேர்வாளர் நோட்டை வாங்கி விரலால் தேடிப் படித்தார். "குழியில் கிடந்தது, மண் ஒட்டியது, நாலு முறை கழுவியது. கை, நான். அதுக்கு மேல, பாட்டில் உடைந்தது. கை..." நிறுத்தினார். "எல்லா இடத்துலயும் பேர் இருக்கு. இங்க மட்டும் காலியா இருக்கே?"

எழுந்துவிடு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், நாற்காலி நுனி வரை வந்தும்விட்டேன்.

"அது ரிசல்ட்டுக்குத் தேவைப்படல சார்" என்றார் அக்கா.

தேர்வாளர் மறுபடி குனிந்தார். கடைசி ஸ்லைடு வரை பார்த்தார். நிமிர்ந்தபோது அந்த மனிதர் சிரித்தார், சத்தியமாகச் சிரித்தார். "இங்க தைமஸ் இல்ல. தேடித் தேடிப் பாத்துட்டேன், ஒரு துணுக்கு இல்ல. நல்லா இருக்கற ஸ்லைடைக் காட்டிப் பாஸ் வாங்கறவங்களைப் பாத்திருக்கேன். கீறல் விழுந்ததையும் எடுத்துட்டு வந்தவங்க நீங்கதாம்மா. எனக்கு வேற கேள்வி இல்ல."

முதலில் கை தட்டியது எங்கள் பேராசிரியர். தைமஸே கதி என்று இருந்த மனிதர், எழுந்து நின்று தட்டினார். பிறகு கூடமே தட்டியது, நான் கை எரியத் தட்டினேன். அக்காவின் அம்மா பக்கத்திலிருந்த அட்டெண்டரிடம் "பாஸா? பாஸா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "டாக்டர் ஆயிட்டாங்கம்மா" என்று அட்டெண்டர் சொன்னதும் அக்காவின் அப்பா தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

விருந்துக்கு எல்லோரும் சமோசா வாங்குவார்கள். அக்காவின் தூக்குப் பாத்திரங்களில் இட்லியும் குடல் குழம்பும் இருந்தன. தேர்வாளரே இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். நான் மட்டும் தட்டை எடுக்கவில்லை. கூட்டம் குறைந்ததும் போய் நின்றேன்.

"அக்கா, அந்தப் பதினோராவது பாட்டிலு..."

"தெரியும்டா."

"எப்போலேருந்து?"

"அன்னிக்கே. தட்டுல உன் பொட்டி உக்காந்திருந்துச்சே."

"அப்ப ஏன்க்கா எழுதல?"

"நீ வந்து சொல்லுவேன்னு எடம் விட்டு வச்சிருந்தேன். மூணு வருஷம் ஆச்சு." கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்தார். அலமாரியில் எப்போதோ சேர்த்து வைத்த, கட்டைவிரல் நீளமே மிஞ்சியிருந்த ஒரு பென்சிலை நீட்டினார். "எழுது."

என் பெயரை எழுதினேன். அவர் வாங்கிப் பார்த்து, ஊதிவிட்டு, நோட்டை மூடினார்.

"இப்பதான் முடிஞ்சுது" என்றார். "வா, சாப்பிடு."